பொய்த்தண்ணி

அத்திம்பேரின் கைப்பேசி எப்போதும் ஒரு கண்ணாடிக் கவருக்குள் இருக்கும். புதுச் சட்டை மடித்து வருகிற கவர்தான். அதை அளவாக வெட்டி, கைப்பேசியை உள்ளே செருகி, ரப்பர் பாண்டு சுற்றியிருப்பார். மழையில் நனையாமல் இருக்க வேண்டும் அல்லவா என்பார். மழைக்காலக் காலைகளில், அன்றைய மழை எச்சரிக்கையின் நிறம் வந்ததும், அதை மூக்குக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு தெருவின் நடுவில் வந்து நின்று, கோவிலில் பஞ்சாங்கம் வாசிக்கிற குரலில், "இன்னிக்கு மஞ்சள்" என்பார். சில நாள், "இன்னிக்கு ஆரஞ்சு. கொடையை எடுத்துக்கோங்கோ" என்பார். வீட்டு வாசல்களிலிருந்து பதில் வரும். கோலம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் தலை நிமிராமலே, "நாளைக்கு என்ன கலர்?" என்று கேட்பார்கள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இந்தத் தெருவில் யாராவது நாளைக்கு என்ன கலர் என்று கேட்டிருந்தால், புடவையைப் பற்றிய பேச்சு என்றுதான் நினைத்திருப்போம்.

அவர் என் அப்பாவின் தங்கை கணவர். கரமனையில் ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிர்வீடு. அரசாங்க அலுவலகம் ஒன்றில் கோப்புகளைக் கட்டியும் அவிழ்த்தும் ஓய்வு பெற்றவர். ஆனால் தெருவில் அவருக்கு இருந்த உத்தியோகம் வேறு. பெயர் வைப்பது. எங்கள் தெருவில் பட்டப்பெயர் இல்லாதவர் கிடையாது, அவற்றில் பாதிக்கு மேல் அவர் வைத்தவை. எந்நேரமும் கதவைச் சாத்தச் சொல்கிறவர் 'தாழ்ப்பாள்'. மகன் டில்லியிலிருந்து கூப்பிட்டதை வருஷம் முழுவதும் சொல்கிறவர் 'டிரங்க்கால்'. எனக்கும் ஒன்று உண்டு, அதை இங்கே எழுதுவதாக இல்லை. பெயர் வாங்கியவர்கள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், பிறகு அவர்களே அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து ஒரு பிடி கறிவேப்பிலை கடன் கேட்பார்கள். புதிதாக எது வந்தாலும் தெரு அத்திம்பேரின் வாயைப் பார்க்கும். அவர் பெயர் சொன்ன பிறகுதான் அது தெருவுக்குள் வந்ததாகக் கணக்கு.

மழைக்கு அவர் பெயர் வைக்க வேண்டிய தேவை நெடுநாள் இருக்கவில்லை. அதற்கு மாதங்களே பெயர் கொடுத்திருந்தன. வைகாசி பாதியில் தொடங்குவது இடவப்பாதி. ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் இடியோடு வருவது துலாவர்ஷம். நடுவில் ஆடி, இங்கே கர்க்கிடகம். அப்போது பெய்வதற்குப் பெயரே வேண்டாம், அது பெய்துகொண்டேதான் இருக்கும். மலையாளப் பெயர்களானாலும் எங்கள் வீட்டுத் தமிழுக்குள் அவை என்றைக்கோ குடியேறிவிட்டன. இடவப்பாதி என்று சொன்னால் விறகு உள்ளே போக வேண்டும், ஊறுகாய் பரணுக்கு ஏற வேண்டும், குழந்தைகளுக்குக் குடை வாங்க வேண்டும் என்று அர்த்தம். இப்போது அந்தச் சொற்கள் நாள்காட்டியில் மட்டும் சரியாக வருகின்றன. இடவப்பாதியில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாசியில், நெல்லிக்காய் காயவைத்த தட்டில் மழை கொட்டுகிறது. பழைய சொல்லை நம்பிக் காரியம் செய்ய முடியவில்லை என்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தோன்றவில்லை. வீட்டில் ஒருவர் தினமும் ஒரே நேரத்துக்கு வந்துகொண்டிருந்து, திடீரென்று எப்போது வருவார் என்றே தெரியாமல் போனால் எப்படிக் கலங்குவோமோ அப்படித்தான் நான் கலங்கினேன். தொலைக்காட்சிக்காரர்கள் என்னவோ சிரித்த முகத்தோடுதான் வண்ணம் வண்ணமாக வரைபடம் காட்டினார்கள்.

பிறகு ஒரு கர்க்கிடகத்தில் ஆறு தெருவுக்குள் வந்தது. அதற்கு முன் படித்துறையின் மேல்படியைத் தாண்டி நாங்கள் பார்த்ததில்லை. வந்தது, நான்கு வீட்டுச் சமையலறையைப் பார்த்தது, போய்விட்டது. அடுத்த வருஷமும் வந்தது. அதிலிருந்து தெருவுக்குப் புதுச் சொற்கள் தேவைப்பட்டன, அத்திம்பேர் தயாராக இருந்தார். அரிசி, துணிமணி, பெருமாள் படம் எல்லாவற்றையும் மாடிக்கோ பரணுக்கோ ஏற்றுவதற்கு 'மேலேத்து' என்று பெயர். "உங்காத்துல மேலேத்து ஆச்சா?" என்று கேட்டுக்கொள்வோம். வித்துரா பக்கத்து மலையில் கொட்டித் தீர்த்து, மேலே அணையின் ஷட்டரை உயர்த்தி, இங்கே சொட்டு மழைகூட இல்லாமல் வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறினால் அது 'வெயில்வெள்ளம்'. வானொலியில் எச்சரிக்கையை 'ஜாக்ரதா நிர்தேசம்' என்று சொன்னபோது எங்கள் காது மட்டும்தான் கேட்டது. மேலேத்து என்றால் கை தானாக அரிசி டப்பாவைத் தேடிப் போகும். ஒரு சொல் எத்தனை வேலை செய்கிறது என்று அப்போது வியந்திருக்கிறேன்.

ஆற்றை ஒட்டிய கடைசி வீடு கோடி வீடு. அங்கே மாமாவும் மாமியும் மட்டும். மாமா அத்திம்பேரின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர், இருவரும் ஒருவரையொருவர் 'ஓய்' என்றுதான் கூப்பிடுவார்கள். மாமிக்கு விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து நடக்க முடியாது, சர்க்கரை வியாதியால் காலில் ஆறாத புண் வேறு. அந்த வீட்டுக்கு மாடி இல்லை. அத்தை வீட்டுக்கு உண்டு. அதனால் சிவப்பு அறிவிப்பு வரும் நாட்களில் மாமியைப் பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்து, நாலு பேர் தூக்கி, தெரு நெடுகக் கொண்டுவந்து அத்தை வீட்டு மாடியில் இறக்குவது என்று ஏற்பாடு. மாமி பெரிய உருவம். எல்லோரும் பார்க்கத் தெருவில் தூக்கிப் போவது அவளுக்கு எத்தனை கூச்சமாக இருந்தது என்று முதல் தடவை அவள் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். அத்திம்பேர்தான் அதைச் சரிசெய்தார். அடுத்த தடவை ஒரு குடையை விரித்து அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். "வழி விடுங்கோ, சப்பரம் வறது" என்றார். மாமி கண்ணைத் திறந்து சிரித்துவிட்டாள். அதிலிருந்து அது சப்பரம்.

ஆனால் சப்பரம் புறப்படும், தண்ணீர் வராது. அறிவிப்பு வந்த பல நாட்களில் மழை வேறெங்கோ பெய்துவிட்டுப் போகும். சாயங்காலம் மாமியை மறுபடியும் தூக்கிக் கீழே இறக்க வேண்டும். ஏறும்போது இருந்த உற்சாகம் இறங்கும்போது தூக்குகிறவர்களுக்கும் இருக்காது. அப்படி ஒரு சாயங்காலம் மாமி, "எனக்காக எல்லாரும் முதுகை ஒடிச்சுக்கறா. தண்ணியையும் காணோம், ஒண்ணையும் காணோம்" என்று சொல்லி அழுதுவிட்டாள். அத்திம்பேர் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். "தண்ணி வந்துதாக்கும். பொய்த்தண்ணி. பொய்ப்பல் இல்லையா, அது மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, ஆனா வந்துட்டுப் போயாச்சு" என்றார். மாமி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உமக்கு வாய்தான்" என்றாள். அந்தச் சொல் அவளைச் சமாதானப்படுத்தப் பிறந்தது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பிறகு நடந்ததை மட்டும் கேட்கிறவர்கள் அவரைப் பொறுப்பில்லாத மனிதர் என்று நினைத்துவிடலாம்.

மேலேத்து எங்கள் தெருவைத் தாண்டவில்லை. பொய்த்தண்ணி தாண்டியது. சுலபமான சொல், சொன்னதும் சிரிப்பு வரும், மனசும் லேசாகும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். நான் சாலை பஜாரில், ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அங்கே மூட்டை இறக்குகிற தம்பிகள் எல்லாம் திருநெல்வேலிப் பக்கம். நான்தான் ஒரு நாள் வாய் தவறாமல், வேண்டுமென்றே, பெருமையாக அதை அங்கே சொன்னேன். மறுவாரமே ஒருவன், "யக்கா, ரெட்டுன்னு போட்டுருக்கான். பொய்த்தண்ணிதாம்லா, நீங்க லோடை வரச்சொல்லுங்க" என்றான். வீட்டுக்கு வந்து அத்திம்பேரிடம் சொன்னபோது அவருக்கு வாயெல்லாம் பல். தன் சொல் சாலை பஜார்வரைக்கும் போய்விட்டது என்று அத்தையிடம் அன்று பல தடவை சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது மெத்தைகள். ஒரு வாரம் விடாத மழைக்குப் பிறகு அன்றைக்குத்தான் பளீரென்று வெயில். தெருவே மெத்தையையும் தலையணையையும் வெளியே கொண்டுவந்து திண்டு திண்டாக அடுக்கிக் காயவைத்திருந்தது. ஈரவாடை போகப்போகிற சந்தோஷத்தில் எல்லோரும் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். கைப்பேசியில் சிவப்பு வந்திருந்தது. அத்திம்பேர் வழக்கம்போல் வாசித்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. யாரோ ஒரு பையன், "வெயில்ல காயறது பாருங்கோ, பொய்த்தண்ணி" என்றான், எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

கோடி வீட்டு மாமாவுக்கு அன்று நகரத்துப் பழைய கோட்டைக்குள் ஒரு உறவினர் வீட்டில் சிராத்தம். உறவுக்குள் சிராத்தம் என்றால் சமையல் அவர் கைதான். வேட்டியைத் தட்டிக்கொண்டு வாசலில் இறங்கியவர், அத்திம்பேரைப் பார்த்து நின்றார். "சிவப்புங்கறீரே. இவளை ஏத்திட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து மாமி, "ஒண்ணும் வேண்டாம். அவாளும் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காரட்டும்" என்றாள். அத்திம்பேர் வானத்தைப் பார்த்தார். மேகம் ஒன்றுகூட இல்லை. "பொய்த்தண்ணியாக்கும் ஓய். நீர் போயிட்டு வாரும். நாங்க எல்லாம் இங்கேதானே இருக்கோம்" என்றார். மாமா போனார். வெயில்வெள்ளம் என்ற சொல்லை உண்டாக்கியவரும் அதே மனிதர்தான். மேகமில்லாத வானம் ஒன்றும் சொல்லாது என்று அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. தான் வைத்த இரண்டு பெயர்களில் அன்றைக்கு எது இனிமையோ அதை அவர் எடுத்தார். தெருவும் அதைத்தான் எடுத்தது.

மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம். முதலில் சாக்கடை திரும்பி ஓடியது. அத்தைதான் பார்த்தாள். "ஏன்னா, வெள்ளம் வீட்டுப் பக்கமா வறதே" என்றாள். எட்டிப் பார்ப்பதற்குள் பழுப்பு நிறமாக, சத்தமே இல்லாமல், தெருவின் அந்தக் கோடியிலிருந்து வந்துவிட்டது. மெத்தைகள் முதலில் நின்றபடி நனைந்தன, பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பின. அவரவர் குழந்தையை, அவரவர் அம்மாவைத் தேடி ஓடினோம். கோடி வீட்டு வாசலில் எங்களில் சிலர் போய்ச் சேர்ந்தபோது இடுப்பளவு இருந்தது. கதவு தண்ணீரின் அழுத்தத்தில் அசையவில்லை. உள்ளே மாமி எங்கள் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தாள், மார்புவரை தண்ணீர், கையில் பூஜை மணியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். அத்திம்பேர் ஒரு உலக்கையை எடுத்துக் கதவை இடித்துக்கொண்டே இருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே கிடையாது.

கதவு உடைந்தது. அவளைக் கொண்டுவந்துவிட்டோம். நாற்காலி மிதந்தது, நாங்கள் இருபுறமும் பிடித்துக்கொண்டு தள்ளினோம். அத்தை வீட்டு மாடியில் தலையைத் துவட்டும்போது மாமி, "சப்பரம் இன்னிக்குத் தெப்பமாயிடுத்து" என்றாள். நாங்கள் சிரித்தோம், அழுதோம், அத்தை எல்லோருக்கும் சுக்குக் காப்பி போட்டாள். கோட்டையிலிருந்து கழுத்தளவு தண்ணீரில் வந்து சேர்ந்த மாமா அவளைப் பார்த்ததும் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

வெள்ளம் வடிந்து, சேற்றை வழித்து, சுவரைக் கழுவிக்கொண்டிருந்த நாட்களில் மாமிக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் வலி என்றாள், கண் சிவந்தது. ஆஸ்பத்திரியில் எலிப்பனி என்றார்கள். எலியின் மூத்திரம் கலந்த வெள்ளம் புண்ணில் பட்டால் வருகிற காய்ச்சல். எங்கள் தெருவில் அதற்குமுன் யாரும் அந்தப் பெயரைச் சொல்லக் கேட்டதில்லை. அது அத்திம்பேர் வைத்த பெயர் அல்ல. அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. மாமி வீடு திரும்பவில்லை.

யாரும் அத்திம்பேரை ஒன்றும் சொல்லவில்லை. மாமா சொல்லவே இல்லை. பதின்மூன்றாம் நாள் முடிந்ததும் அத்தை அவரை இனி இங்கேதான் சாப்பாடு என்று கூப்பிட்டாள், அவரும் வந்தார். இரண்டு சிநேகிதர்களும் பக்கத்துப் பக்கத்தில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். ரசம் நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். அத்திம்பேர் அதற்குப் பிறகு யாருக்கும் எதற்கும் பெயர் வைக்கவில்லை. சிவப்போ மஞ்சளோ, கைப்பேசியில் வந்ததை அப்படியே வாசித்துவிட்டு உள்ளே போய்விடுவார். அந்தச் சொல்லைத் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று மட்டும் அலைந்தார். தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "அதைச் சொல்லப்படாது, கேட்டியா" என்பார். பிள்ளைகளிடம் சொல்லாதே என்றால் என்ன ஆகும்? ஒரு நாள் பஸ்ஸில் நானும் அவரும் வந்துகொண்டிருந்தோம். முன் இருக்கையில் யாரோ இருவர், எங்களுக்கு முன்பின் தெரியாதவர்கள், அன்றைய அறிவிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் அந்தச் சொல்லையே மலையாளமாக்கி, "ஓ, அது பொய்வெள்ளம்" என்றார். அத்திம்பேர் எழுந்து மணிக்கயிற்றை இழுத்தார். எங்கள் நிறுத்தம் இன்னும் வரவில்லை. இறங்கி, வெயிலில், வீடுவரை நடந்தே வந்தார். நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். எனக்கு அவர்மேல் இரக்கமும் இருந்தது, சொல்கிறவர்கள்மேல் கோபமும் இருந்தது. ஆனால் அவர்கள் என்ன செய்வார்கள்? பயந்துகொண்டே இருக்க யாரால் முடியும்?

போன வருஷம் ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். தமிழ்ப் பெண்தான், படித்ததெல்லாம் மலையாளம். மழையும் வெயிலும் மாறிப்போனதால் பேச்சில் புதிதாக வந்த சொற்களைச் சேர்க்கிறாளாம். கடலோரத்தில் கொஞ்சம், மலைப்பக்கத்தில் கொஞ்சம் சேர்த்துவிட்டாள். பொய்த்தண்ணி அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. எங்கே பிறந்தது என்று விசாரித்துக்கொண்டே வந்தவளைத் தெரு பெருமையோடு அத்திம்பேர் வீட்டுக்கு அனுப்பிவைத்தது. அவளுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். மாமா அப்போதுதான் சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் சாய்ந்திருந்தார். அவள் கைப்பேசியைத் தரையில் வைத்துப் பதிவு செய்யத் தொடங்கி, அத்திம்பேரிடம், "மாமா, இந்த வார்த்தையை நீங்களாக்கும் உண்டாக்கினதுன்னு எல்லாரும் பறயறா" என்றாள்.

அத்திம்பேர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "நானா? இல்லைம்மா. அது பழைய வார்த்தை. எங்க தாத்தா காலத்துலேயே உண்டு" என்றார்.

அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம். அப்படியானால் நூறு வருஷத்துக்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறதா, வேறு யார் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அத்திம்பேர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தன் பொய்யால் அந்தச் சொல்லுக்கு அவர் ஒரு பூர்வீகத்தையே எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன்.

"இல்லை" என்றார் மாமா. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "இவர் சொன்ன வார்த்தையாக்கும். என் பாரியாள் அழுதப்போ அவளைச் சிரிக்க வெக்கச் சொன்னார். அப்புறம் ஒரு நாள் என்கிட்டயும் சொன்னார். அன்னிக்குத்தான் வெள்ளம் வந்தது. அவ போயிட்டா."

அந்தப் பெண் அவசரமாகக் குனிந்தாள். கைப்பேசியை நிறுத்தக் கையை நீட்டினாள். மாமா வேண்டாம் என்று கையசைத்தார். "நிறுத்தாதே. அர்த்தமும் கேட்டுக்கோ. இவர் சொல்லாட்டா நான் போயிருக்க மாட்டேன்னு இவர் நெனச்சுண்டிருக்கார். நான் எதுக்காக இவர்கிட்டப் போய்க் கேட்டேன்? சிவப்புன்னு எனக்கும்தான் தெரியும். எந்நேரமும் கதவைச் சாத்துங்கற நம்ம தாழ்ப்பாளைக் கேட்டிருந்தா ஏத்துன்னு சொல்லியிருப்பார். இவர் என்ன சொல்லுவார்னு தெரிஞ்சுதான் இவரைக் கேட்டேன். எனக்கும் அன்னிக்கு அதுதான் கேக்கணும்னு இருந்தது. எழுதிக்கோ. தண்ணி வரவேண்டாமேன்னு ஆசைப்படறவா ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கறது."

அத்திம்பேர் மேல்துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. மாமா நகர்ந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார், ஆனால் தொடவில்லை. இதற்குள் அத்தை காப்பி கொண்டுவந்து வைத்தாள். அந்தப் பெண்ணும் குடித்துவிட்டுத்தான் போனாள்.

தை மாதம் அத்திம்பேர் தூக்கத்திலேயே போய்விட்டார். இந்த வருஷ இடவப்பாதி சொன்ன நாளுக்கு வரவில்லை. நாள் தவறி, சித்திரைபோல வெயில் அடித்த ஒரு காலையில், தெருவில் இருந்த அத்தனை கைப்பேசியும் ஒன்றாக அலறியது. சிவப்பு. தெரு நடுவில் நின்று அதை வாசிக்க ஆள் இல்லை. அவரவர் தனித்தனியாகப் பார்த்துக்கொண்டோம். எதிர்சாரியில் புதிதாகக் குடிவந்த வாலிபன் பைக்கைக் கிளப்பிக்கொண்டே மனைவியிடம், "பொய்வெள்ளம்" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போனான். மாமா கோடி வீட்டிலிருந்து கம்பை ஊன்றிக்கொண்டு மெதுவாக வந்தார். வானத்தைப் பார்க்கவே இல்லை. "என்னை ஏத்திவிடு" என்றார். நான் கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக அத்தை வீட்டு மாடிக்கு ஏற்றினேன். அத்தை அரிசி டப்பாவோடு பின்னாலேயே வந்தாள். ஜன்னலருகில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சாயங்காலம் அவரை இறக்கிக் கோடி வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அன்று தண்ணீர் வரவில்லை. அதற்கு என்ன பெயர் என்று நாங்கள் இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.